பதின்மூன்றாவது ஆள்: 2009 கிரே கோப்பை இறுதியாட்டம்

2009 நவம்பர் 29. கனடாவின் கல்கரி நகரில் உள்ள மெக்மேன் ஸ்டேடியம். கனடியன் ஃபுட்பால் லீக்கின் இறுதியாட்டமான கிரே கோப்பையில், மான்ட்ரியல் அலுவெட்ஸ் அணியின் கடைசி உதை கம்பங்களுக்கு வெளியே போய்விட்டது. கடிகாரத்தில் நேரம் முடிந்துவிட்டது. ஸ்கோர் 27-25. சஸ்காட்செவன் ரஃப்ரைடர்ஸ் வீரர்கள் கைகளை உயர்த்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள், பச்சை உடையில் வந்திருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்புறம்தான், விதி மீறலைக் காட்ட நடுவர் எறிந்து புல்தரையில் கிடந்த கொடியைப் பலரும் கவனித்தார்கள். அந்த உதையின்போது களத்தில் இருந்திருக்க வேண்டிய ரஃப்ரைடர்ஸ் வீரர்கள் 12 பேர். இருந்தது 13 பேர். 10 யார்டு தண்டனை, மறுபடியும் ஓர் உதை, இந்த முறை பந்து உள்ளே போனது. மான்ட்ரியல் 28, சஸ்காட்செவன் 27.

அந்த ஆட்டம் முழுவதிலும் மான்ட்ரியல் முன்னிலையில் இருந்தது அந்த ஒரே தருணத்தில்தான், அதுவும் நேரம் முடிந்த பிறகு.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூடுதல் ஆளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. ஒரு தலை கூடுதலாக நின்றது உண்மை. ஆனால் அந்த ஒரு தலை கோப்பையைப் பறிக்கும் அளவுக்கு ஆட்டம் எப்படி ஒடுங்கியது என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். தவிர, ஆள் எண்ணிக்கையில் வரும் பிழை களத்தில் நின்றவரின் பிழை என்பதைவிட, அவரை உள்ளே அனுப்பிய அல்லது வெளியே அழைக்க மறந்த ஏற்பாட்டின் பிழை என்றே நான் நினைக்கிறேன்.

விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கனடிய ஃபுட்பால் பார்ப்பதற்கு அமெரிக்க ஃபுட்பால் போலவே இருக்கும். தலைக்கவசம், தோள் கவசம், கையால் எறியும் நீள்வட்டப் பந்து எல்லாம் அதேதான். கணக்கு மட்டும் வேறு. அமெரிக்க ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர், கனடாவில் 12 பேர். அங்கே 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள், இங்கே மூன்றுதான். மைதானமும் பெரிது: 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம், இரு முனைகளிலும் கோல் கோட்டுக்குப் பின்னால் 20 யார்டு ஆழத்துக்கு எண்ட் ஸோன் என்ற பகுதி. கம்பங்கள் எண்ட் ஸோனின் பின்பக்கத்தில் இல்லாமல் கோல் கோட்டின் மேலேயே நிற்கும்.

மூன்றே முயற்சிகள் என்பதால் முதல் இரண்டில் 10 யார்டு கிடைக்காவிட்டால் பெரும்பாலும் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது இங்கே சுலபமில்லை. கடைசி மூன்று நிமிடங்களில் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் கடிகாரம் நிற்கும். 2025 சீசன் வரை, நடுவர் விசில் ஊதியதும் 20 விநாடிக்குள் அடுத்த முயற்சியைத் தொடங்கியாக வேண்டியிருந்தது. அமெரிக்காவில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் முழங்காலிட்டு நேரத்தை ஓட்டுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கனடிய ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடம் புது அனுபவமாக இருக்கும். எந்த முன்னிலையும் பத்திரமில்லை என்று அங்கே சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோகும் டச் டவுனுக்கு 6 புள்ளி, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளி. ஃபீல்ட் கோல் முயற்சி தவறினால் அதோடு கதை முடிந்துவிடாது, பந்து உயிரோடுதான் இருக்கும். 2009 விதிப்படி, எண்ட் ஸோனுக்குள் விழுந்த பந்தைத் தடுக்கும் அணி வெளியே கொண்டுவராவிட்டால், உதைத்த அணிக்கு ஒரு புள்ளி. அதை ரூஜ் என்பார்கள். குறி தவறியதற்குப் பரிசா என்று கேட்பவர்கள் கனடாவிலேயே நிறைய உண்டு.

இரண்டு அணிகள்

மான்ட்ரியல் அந்த சீசனில் 18 ஆட்டங்களில் 15 வென்றிருந்தது. கிழக்குப் பிரிவு இறுதியில் பிரிட்டிஷ் கொலம்பியா லயன்ஸை 56-18 என்று நசுக்கிவிட்டு கல்கரிக்கு வந்தது. ஆனாலும் அந்த அணிக்குள் ஒரு காயம் இருந்தது. குவார்ட்டர்பேக் ஆண்டனி கல்வீயோ அந்த அணியோடு 2000, 2003, 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் கிரே கோப்பை இறுதியில் தோற்றிருந்தார். வென்றது 2002-ல் மட்டும்தான். 2008 தோல்வி மான்ட்ரியலிலேயே, 66,000 பேருக்கு மேல் திரண்ட ஒலிம்பிக் ஸ்டேடியத்தில், சொந்த ஜனங்கள் முன்னால் நடந்தது. லீக்கின் தலைசிறந்த வீரர் விருதை 2008, 2009 இரண்டு ஆண்டுகளும் அவர்தான் வாங்கினார். இருந்தும் இறுதியாட்டம் என்றால் தோற்பவர் என்ற பேச்சு அவரை விடாமல் துரத்தியது. பயிற்சியாளர் மார்க் டிரெஸ்ட்மன் அணிக்கு வந்து அது இரண்டாவது ஆண்டுதான்.

சஸ்காட்செவனின் கதை வேறு மாதிரி. பத்து லட்சம் பேர் மட்டுமே வாழும் கோதுமை மாநிலம் அது. அணி இருப்பது ரெஜைனாவில். பெரிய முதலாளி யாரும் கிடையாது, பங்குகளை மக்களே வாங்கி வைத்திருக்கும் சமூகச் சொத்து. 1910-ல் தொடங்கிய இந்த அணி 2009-க்கு முன் கோப்பையை வென்றது 1966, 1989, 2007 என மூன்றே முறை. தோற்றதைப் பட்டியலிட்டால் நீளும். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1972-ல் ஹாமில்டன் அணியின் இயான் சண்டர் கடைசி உதையில் ஃபீல்ட் கோல் அடித்து 13-10 என்று வென்றார். 1976-ல் 20 விநாடி மிச்சமிருக்கும்போது ஒட்டாவாவின் டோனி கேப்ரியல் டச் டவுன் பிடித்தார், 23-20. கடைசி நேரத்தில் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது அந்த மாநிலத்துக்குப் பழகிப்போன விஷயம். நேர்மாறாகவும் ஒருமுறை நடந்தது: 1989-ல் டேவ் ரிட்ஜ்வேயின் கடைசி நேர உதை ஹாமில்டனை 43-40 என்று வீழ்த்தியது.

2009-ல் ரஃப்ரைடர்ஸ் 10 வெற்றி, 7 தோல்வி, ஒரு சமன் என்ற கணக்கில் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1976-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. பயிற்சியாளர் கென் மில்லர். குவார்ட்டர்பேக் டேரியன் டுரான்ட். தற்காப்பில் ஜான் சிக், அந்த ஆண்டு லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர். மேற்கு இறுதியில் நடப்பு சாம்பியனான கல்கரியைத் தோற்கடித்து, அதே கல்கரி நகரத்துக்கு இறுதியாட்டம் ஆட வந்தார்கள்.

ரெஜைனாவிலிருந்து கல்கரிக்கு 750 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. இதெல்லாம் அந்த ரசிகர்களுக்குத் தூரமே இல்லை. தர்பூசணியைக் குடைந்து தலைக்கவசமாக மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கிற ஜனங்கள் அவர்கள். 46,020 பேர் அமர்ந்திருந்த ஸ்டேடியத்தில் பச்சைதான் எங்கும் கண்ணில் பட்டது. அந்த ரசிகர் கூட்டத்துக்கு வெகு நாளாகவே ஒரு பட்டப்பெயர் உண்டு: பதின்மூன்றாவது ஆள். களத்தில் 12 பேர், கூடவே நாங்கள் என்று பொருள். விதி இப்படியும் கிண்டல் செய்யும் என்று யார் எதிர்பார்த்தார்கள்!

மூன்று கால் பகுதிகள்

தொடக்கத்தில் மான்ட்ரியலுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. சஸ்காட்செவனின் லூகா கோஞ்சி உதைத்த ஃபீல்ட் கோல், டுரான்ட் எறிந்து ஆண்டி ஃபான்டுஸ் பிடித்த டச் டவுன் என்று முதல் கால் பகுதி 10-0 ஆக முடிந்தது. இடைவேளையில் 17-3. சிக்கும் அவருடைய கூட்டாளிகளும் கல்வீயோவை நிம்மதியாக நிற்கவிடவில்லை. 15 ஆட்டங்களை வென்ற அணியா இது என்று கேட்கும்படி ஆடியது மான்ட்ரியல்.

மூன்றாவது கால் பகுதியில் ஜமெல் ரிச்சர்ட்சன் டச் டவுன் பிடித்து இடைவெளியைக் குறைத்தார். நான்காவது கால் பகுதியில் டுரான்ட் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடி எண்ட் ஸோனுக்குள் புகுந்தபோது ஸ்கோர் 27-11. 16 புள்ளி இடைவெளி. அதைச் சமன் செய்யவே இரண்டு டச் டவுன் வேண்டும், ஒவ்வொரு டச் டவுனுக்குப் பின்னும் கிடைக்கும் கன்வர்ட் என்ற கூடுதல் முயற்சியில் இரண்டு முறையும் இரண்டு புள்ளி எடுக்க வேண்டும்.

ஆட்டம் உண்மையில் கைமாறியது இங்கேதான் என்பது என் கருத்து. கல்வீயோ பதறவில்லை. சிறு சிறு எறிதல்களால் மான்ட்ரியல் நகரத் தொடங்கியது. பென் கஹூன் ஒரு டச் டவுன் பிடித்தார், ஏவன் கோபோர்ன் ஒரு டச் டவுன் ஓடினார். இரண்டு கன்வர்ட் முயற்சிகளில் ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. 27-25. அந்த நாளின் மிகச் சிறந்த வீரர் விருது கோபோர்னுக்கும், சிறந்த கனடிய வீரர் விருது கஹூனுக்கும் போனதில் வியப்பில்லை.

16 புள்ளி முன்னிலை 2 புள்ளியாகச் சுருங்கியபோது ரஃப்ரைடர்ஸிடம் பந்து வந்தது. இரண்டு முறை 10 யார்டு முன்னேறியிருந்தால் போதும், ஆட்டம் முடிந்திருக்கும். முடியவில்லை. மூன்று முயற்சி விதி தன் வேலையைக் காட்டியது. பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு ரஃப்ரைடர்ஸ் தற்காப்பு மீண்டும் களமிறங்கியது. களைத்துப் போயிருந்த தற்காப்பு அது. கல்வீயோ மறுபடியும் அவசரமில்லாமல் எறிந்து பந்தை சஸ்காட்செவனின் 36 யார்டு கோடு வரை கொண்டுவந்தார். மிச்சமிருந்தது சில விநாடிகள், ஒரே ஒரு உதை.

கடைசி உதை, இரண்டு முறை

உதைப்பவர் டேமன் டுவால். பந்து 36-ல். பிடித்து வைப்பவர் அதற்குப் பின்னால் 7 யார்டு தள்ளி அமர்வார், ஆக உதை 43 யார்டு. நல்ல உதைகாரருக்கு இது அடிக்கக்கூடிய தூரம்தான், ஆனால் உறுதி சொல்ல முடியாத தூரமும்கூட.

அந்த நொடியில் ரஃப்ரைடர்ஸ் நிலையை யோசித்துப் பாருங்கள். இரண்டு புள்ளி முன்னிலை. உதை தவறி எண்ட் ஸோனில் விழுந்தால் போகப்போவது ஒரு புள்ளிதான். 27-26, அப்போதும் கோப்பை தங்களுக்கே. பந்து உள்ளே போனால் தோல்வி, அது டுவாலின் காலில் இருக்கிறது. அவரைத் தடுப்பது ஓரளவுக்குத்தான் இவர்கள் கையில். ஆனால் முழுக்க முழுக்கத் தங்கள் கையில் இருந்த விஷயம் ஒன்று உண்டு: கொடி விழாமல் பார்த்துக்கொள்வது. முன்கூட்டியே கோட்டைத் தாண்டக்கூடாது, உதைப்பவர் மேல் மோதக்கூடாது, ஆள் கூடக்கூடாது. அவ்வளவுதான். ஆள் குறைந்தால்கூடப் பரவாயில்லை. 11 பேரோடு நின்றிருந்தாலும் கொடி விழுந்திருக்காது.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. மான்ட்ரியலின் கன்வர்ட் முயற்சி இரண்டுமே பலித்து ஸ்கோர் 27-27 ஆக இருந்திருந்தால், நிலைமை தலைகீழ். அப்போது தவறிய உதையே ஒரு புள்ளி கொடுத்து மான்ட்ரியலை வெல்லவைக்கலாம். ரஃப்ரைடர்ஸ் எண்ட் ஸோனில் பல பேரை நிறுத்தி, பந்தைப் பிடித்து ஓடவோ திருப்பி உதைக்கவோ தயாராக இருந்திருக்க வேண்டும். ஆக, ஃபீல்ட் கோலைத் தடுக்கும் அணிக்கு ஒரே ஓர் அமைப்பு இல்லை. ஸ்கோரைப் பொறுத்து எத்தனை பேர் முன்னால் பாய்வது, எத்தனை பேர் பின்னால் நிற்பது என்பது மாறும். யார் வெளியே, யார் உள்ளே என்பதும் அதோடு மாறும். கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தற்காப்பு, வழக்கமான பாஸ் தடுப்பு அமைப்பிலிருந்து இந்த அமைப்புக்கு விநாடிகளில் மாற வேண்டியிருந்தது. சிலர் வெளியேற வேண்டும், சிலர் நுழைய வேண்டும், வெளியேறியவரும் நுழைந்தவரும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும்.

சரியாக இல்லை. ஒருவர் கூடுதல்.

டுவால் உதைத்தார். பந்து வலப்பக்கம் விலகிப் போனது. பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்து எல்லோரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடும்போது அம்பயர் கையை நீட்டி நோ-பால் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு ரஃப்ரைடர்ஸ் வீரர்களின் முகத்தைக் கற்பனை செய்வது கடினமில்லை.

நேரம் முடிந்துவிட்டதே, எப்படி மறுபடியும் ஆட விடலாம் என்ற கேள்வி அப்போது நிறையப் பேருக்கு எழுந்தது. விதி தெளிவானது. கடைசி முயற்சியில் தற்காப்பு அணி தவறு செய்து, எதிரணி தண்டனையை ஏற்றுக்கொண்டால், கடிகாரத்தில் பூஜ்யம் இருந்தாலும் அந்த முயற்சியைத் திரும்ப ஆடியாக வேண்டும். இல்லையென்றால் கடைசி முயற்சியில் எந்தத் தவறையும் துணிந்து செய்யலாமே. பந்து 36-லிருந்து 26-க்கு நகர்ந்தது. உதை 33 யார்டாகக் குறைந்தது. டுவாலைப் பொறுத்தவரை அது பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற தூரம். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது.

தவறு யாருடையது

கூடுதலாக நின்றவரால் அந்த உதை தவறவில்லை. அவர் பந்தைத் தொடவில்லை, டுவாலைத் திசைதிருப்பவும் இல்லை. அவர் இல்லாவிட்டாலும் அந்தப் பந்து வெளியேதான் போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியும். இதை வைத்து, பலனே இல்லாத ஒரு சின்னத் தவறுக்குக் கோப்பையையே விலையாகக் கேட்பது நியாயமா என்று சிலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆள் எண்ணிக்கை விதிக்கு விளைவைப் பார்த்து விலக்கு கொடுக்க ஆரம்பித்தால், நடுவர் ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆள் என்ன செய்தார் என்று ஊகிக்க உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் தலை எண்ணுவது நடுவர்களின் அன்றாட வேலை. அவர்கள் எண்ணினார்கள், ரஃப்ரைடர்ஸ் எண்ணவில்லை.

பழி யார் மேல் என்று அடுத்த நாளே ரெஜைனாவில் தேடல் தொடங்கியது. ஊடகங்களில் பெயர் அடிபட்டது. அணி நிர்வாகம் அதிகாரபூர்வமாக எந்த வீரரையும் சுட்டிக்காட்ட மறுத்துவிட்டது, பொறுப்பைப் பயிற்சியாளர் தரப்பு ஏற்றுக்கொண்டது. மில்லர் செய்த சரியான காரியங்களில் இது ஒன்று என்பேன். நானும் இங்கே பெயர் எழுதப்போவதில்லை. காரணம் கருணை மட்டுமல்ல. 13 பேர் நிற்கும்போது, அதில் பதின்மூன்றாவது யார் என்பதைக் களத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வெளியேற வேண்டியவர் வெளியேறாமல் நின்றாரா, நுழையக்கூடாதவர் நுழைந்தாரா, இருவருக்கும் வெவ்வேறு குரல்கள் கேட்டதா என்பதெல்லாம் பெஞ்சிலிருந்து போன தகவலைப் பொறுத்தது. களத்தில் நிற்பவர் தனக்கு முன்னால் இருப்பவரைப் பார்ப்பாரே தவிர, தன் பின்னால் 30 யார்டு தள்ளி நிற்பவரையும் சேர்த்து எண்ணுவது கடினம். அதற்குத்தான் பெஞ்சில் ஆள் இருக்க வேண்டும்.

பழியை இன்னும் பின்னோக்கித் தள்ளலாம். நான்காவது கால் பகுதியில் மட்டும் மான்ட்ரியல் 18 புள்ளி எடுத்தது. முந்தைய மூன்று கால் பகுதிகளிலும் சேர்த்து அது எடுத்தது 10 புள்ளிதான். முன்னிலை 16 ஆன பிறகு சஸ்காட்செவன் தற்காப்பு ஆழமாகப் பின்வாங்கி, குறுகிய எறிதல்களை அனுமதித்தது. பெரிய அடி விழாமல் பார்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஆடும் எல்லா அணிகளும் செய்கிற காரியம்தான் இது. ஆனால் எதிரே நின்றவர் குறுகிய எறிதலில் பேர்போன கல்வீயோ, பிடிப்பதற்கு கஹூன். 2011-ல் தொழில்முறை ஃபுட்பாலிலேயே அதிக யார்டு எறிந்தவர் என்ற இடத்துக்குப் போனவரிடம் சின்னச் சின்ன இடைவெளியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் அதை வாங்கிக்கொண்டார்.

கிரே கோப்பை வரலாற்றில் களத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒரு கூடுதல் ஆளும் உண்டு என்பதைப் போகிற போக்கில் சொல்ல வேண்டும். 1957 இறுதியாட்டத்தில் ஹாமில்டனின் ரே பாவெல் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓரக்கோடு வழியாக ஓடினார். அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு பார்வையாளர் காலை நீட்டி அவரை விழவைத்தார். அப்படிச் செய்தவர் பின்னாளில் நீதிபதியானார்! அந்தச் சம்பவத்துக்கு விதிப்புத்தகத்தில் சரியான பதில் இல்லாததால் நடுவர் தானே ஒரு தீர்வு சொல்ல வேண்டியிருந்தது. ஹாமில்டன் 32-7 என்று வென்றதால் அது வேடிக்கைக் கதையாகத் தங்கிவிட்டது. இரண்டு புள்ளி இடைவெளியில் நடந்திருந்தால் இன்று வரை சண்டை ஓடிக்கொண்டிருக்கும்.

28-27 என்ற ஸ்கோரும் கோப்பைக்குப் புதிதில்லை. 1962-ல் டொரோண்டோவில் ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி மைதானத்தை மறைத்ததால், நான்காவது கால் பகுதியில் ஆட்டம் நிறுத்தப்பட்டு மறுநாள் தொடர்ந்தது. வின்னிபெக் ஹாமில்டனை வென்றது அதே 28-27 கணக்கில். இரண்டாம் நாளில் எந்த அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த ஆட்டத்தின் வில்லன் பனி, யாரையும் குறை சொல்ல முடியவில்லை. 2009-க்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

பிறகு

மான்ட்ரியலுக்கு அந்த வெற்றி ஒரு கட்டு அவிழ்ந்தது போல. அடுத்த ஆண்டும், 2010-ல், எட்மன்டனில் இதே இரண்டு அணிகள் இறுதியில் சந்தித்தன. மில்லர்தான் பயிற்சியாளர், டுரான்ட்தான் குவார்ட்டர்பேக். மான்ட்ரியல் 21-18 என்று மறுபடியும் வென்றது. இரண்டு இறுதியாட்டங்களில் மொத்தம் நான்கு புள்ளி இடைவெளியில் இரண்டு கோப்பைகள் கைநழுவின. கல்வீயோவைப் பற்றி இறுதியில் தோற்பவர் என்று பேசுவது நின்றுபோனது.

சஸ்காட்செவனில் அந்த எண்ணை வைத்து எதிரணி ரசிகர்கள் செய்த கேலி பல ஆண்டு ஓடியது. ரசிகர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெருமைப் பெயரை எதிராளி திருப்பி வீசினால் பதில் சொல்வது சுலபமா? அதைவிடச் சுலபமான பதில் 2013-ல் கிடைத்தது. இறுதியாட்டம் ரெஜைனாவிலேயே நடந்தது. டுரான்ட்டின் தலைமையில் ரஃப்ரைடர்ஸ் ஹாமில்டனை 45-23 என்று வீழ்த்தி, சொந்த மண்ணில் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. கடைசி நிமிடம், கடைசி உதை எதற்கும் வேலையில்லாத இறுதியாட்டம் அது. ரசிகர்கள் அதைத்தான் வேண்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டுரான்ட் 2017-ல் வர்த்தகம் மூலம் மான்ட்ரியலுக்கே போய்ச் சேர்ந்தது இந்தக் கதையின் இன்னொரு வேடிக்கை. 2025 நவம்பரில் வின்னிபெக்கில் இந்த இரு அணிகளும் மறுபடியும் இறுதியில் மோதின. அந்த முறை ரஃப்ரைடர்ஸ் 25-17 என்று ஜெயித்தது.

அதே 2025 செப்டம்பரில் லீக் சில பெரிய விதி மாற்றங்களை அறிவித்தது. 2027 முதல் மைதானம் 110 யார்டிலிருந்து 100 யார்டாகக் குறையும். எண்ட் ஸோன் 15 யார்டாகும். கம்பங்கள் கோல் கோட்டிலிருந்து எண்ட் ஸோனின் பின் எல்லைக்கு நகரும். மரபை விரும்பும் ரசிகர்கள் இதற்காக லீக்கைத் திட்டித் தீர்த்தார்கள். நான் அந்த அறிவிப்பைப் படித்ததும் 2009-ஐத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்து அதே 36 யார்டு கோட்டில் இருந்தால், புது விதிப்படி டுவாலின் முதல் உதை 43 யார்டாக இருக்காது, 58 யார்டு. கொடி விழுந்து 10 யார்டு கிடைத்த பிறகும் 48 யார்டு மிச்சம். கல்வீயோ இன்னும் ஓர் எறிதலாவது கூடுதலாக முடித்திருக்க வேண்டும், அதற்குக் கடிகாரத்தில் நேரம் இல்லை.